ஓட்டைக்கு ஒரு காப்புரிமை: தோட்டாவுக்கு மாறிய பழைய ரிவால்வர்கள்

கௌபாய் படங்கள் நிறைய பார்த்தவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். கதை நடப்பது 1862 அல்லது 1863, அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது, நாயகன் இடுப்பு பெல்ட்டில் பித்தளைத் தோட்டாக்கள் வரிசையாகப் பளபளக்கின்றன, கையில் பழைய கோல்ட் நேவி ரிவால்வர். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வருடத்தில் அந்தத் துப்பாக்கியில் அந்தத் தோட்டா போகவே போகாது. படப்பிடிப்பில் ஒவ்வொரு முறையும் மருந்து கொட்டி இடித்துக்கொண்டிருந்தால் நாள் போதாது என்பதால் தோட்டா போடுகிற மாதிரி மாற்றிய நகலை நடிகர் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆனால் எட்டு பத்து வருடம் தள்ளி, 1871, 1872 என்று போனால் அப்படியொரு துப்பாக்கி நிஜமாகவே இருந்தது. மருந்து கொட்டி நிரப்புகிற பழைய கேப் ரிவால்வரின் உடம்பு, அதற்குள் குண்டும் மருந்தும் ஒரே கூட்டில் அடங்கிய உலோகத் தோட்டா. துப்பாக்கி வரலாறு எழுதுகிறவர்கள் பலரும் இதை அரைப் பக்கத்தில் முடித்துவிட்டு, அடுத்து வந்த 1873 மாடல் கோல்ட்டுக்குத் தாவிவிடுவார்கள். அதற்குத்தான் சினிமா புகழ் எல்லாம். எனக்கென்னவோ அந்த அரைப் பக்கம்தான் மொத்தக் கதையிலும் சுவாரசியமான இடம். ஏனென்றால் அதில் இயந்திரவியல் பாதி, வக்கீல்கள் பாதி, மிச்சம் மீதியை வீணாக்காத கஞ்சத்தனம் கொஞ்சம்.

முதலில் பழைய முறை எப்படி என்று பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் மாற்றியதன் அருமை புரியாது. 1851 நேவி, 1860 ஆர்மி போன்ற கோல்ட் ரிவால்வர்களில் உருளைக்கு ஆறு அறைகள். ஒவ்வொரு அறையும் முன்பக்கம் திறந்திருக்கும், பின்பக்கம் மூடியிருக்கும். மூடிய பக்கத்தில் நிப்பிள் என்கிற சின்னத் துளையுள்ள காம்பு ஒன்று திருகப்பட்டிருக்கும். முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, அதன்மேல் அறையைவிடக் கொஞ்சம் பெரிய ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியில் தொங்கும் நெம்புகோலால் இடித்து உள்ளே இறக்க வேண்டும். குண்டு பெரிதாக இருப்பதால் ஓரத்தில் மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவிக்கொண்டு வெளியே வரும், அது வந்தால்தான் அறை இறுக்கமாக அடைபட்டது என்று அர்த்தம். ஆறு அறைக்கும் இதைச் செய்துவிட்டு, அப்புறம் ஆறு நிப்பிளுக்கும் தட்டினால் தீப்பிடிக்கும் ரசாயனம் வைத்த செம்புக் கேப்பை ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். விசையை இழுத்தால் துப்பாக்கியின் பின்னால் இருக்கிற சுத்தி, அதைக் குதிரை என்பார்கள், போய் கேப்பைத் தட்டும், பொறி துளை வழியாக உள்ளே போகும், மருந்து பற்றும்.

இதில் என்னவெல்லாம் கெடலாம் என்றால், எல்லாமே கெடலாம். மழை பெய்தால் மருந்து நமத்துவிடும். வெடித்த கேப் துண்டு துண்டாகி இயந்திரத்துக்குள் விழுந்து குதிரையைச் சிக்கவைக்கும். சரியாக அடைக்காவிட்டால் ஒரு அறையின் நெருப்பு பக்கத்து அறைக்குத் தாவி இரண்டு மூன்று அறைகள் ஒரேசமயம் வெடிப்பதும் உண்டு, அதில் ஒன்றுதான் குழலுக்கு நேராக இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மருந்தையும் குண்டையும் சேர்த்துச் சுற்றிய காகிதப் பொட்டலங்கள் வந்து வேலையைக் கொஞ்சம் சுலபமாக்கின, ஆனாலும் ஓடுகிற குதிரைமேல் உட்கார்ந்து ஆறு கேப் மாட்டுவது நடக்கிற காரியமில்லை. அதனால்தான் போரில் குதிரைப்படைக்காரர்கள் முடிந்தால் இரண்டு மூன்று ரிவால்வர்களைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். காலியானதை மறுபடி நிரப்புவதைவிட அடுத்ததை உருவுவது மேல்.

இப்போது இயல்பாக எழுகிற கேள்வி: உலோகத் தோட்டா அப்போதே இருந்ததே, ஏன் போடவில்லை? பிரான்சில் 1854லேயே லெஃபோஷே என்பவர் தோட்டா ரிவால்வருக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், பிரெஞ்சுக் கடற்படை 1858ல் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. அமெரிக்காவிலேயே 1860ல் ஹென்ரி துப்பாக்கிக்கு .44 காலிபர் (விட்டம், அங்குலத்தில்) உலோகத் தோட்டா வந்தாகிவிட்டது. அப்படியிருக்க, அமெரிக்காவின் இரண்டு பெரிய ரிவால்வர் கம்பெனிகளான கோல்ட்டும் ரெமிங்டனும் போர் முடிகிற வரை மருந்தும் கேப்புமாகவே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன.

காரணம் ஒரு ஓட்டை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பின்பக்கத்திலிருந்து தோட்டா போட வேண்டுமானால் உருளையின் அறை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை முழுக்கத் துளைத்திருக்க வேண்டும். அப்படித் துளைத்த உருளைக்கு ரோலின் வைட் என்பவர் 1855 ஏப்ரல் 3ஆம் தேதி அமெரிக்கக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார், எண் 12,648. வைட் ஹார்ட்ஃபோர்டில் கோல்ட் தொழிற்சாலையிலேயே வேலை பார்த்தவர், சாமுவேல் கோல்ட்டிடம் யோசனையைக் கொண்டுபோனபோது அவர் வேண்டாமென்று அனுப்பிவிட்டார் என்ற கதை துப்பாக்கிப் பிரியர்கள் மத்தியில் ரொம்பப் பிரபலம். வேடிக்கை என்னவென்றால் வைட் தன் விண்ணப்பத்தில் வரைந்து காட்டிய துப்பாக்கியே உருப்படியாக வேலை செய்கிற சாதனம் இல்லை. அதிலிருந்த பத்து விஷயத்தில் ஒன்பது குப்பை, பத்தாவது மட்டும் பொன்.

அந்தப் பத்தாவதைப் பார்த்தவர்கள் ஹோரஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸ்ஸனும். 1856ல் வைட்டோடு ஒப்பந்தம் போட்டார்கள். துப்பாக்கி ஒன்றுக்கு 25 செண்ட் வைட்டுக்கு, துளைத்த உருளை செய்யும் உரிமை முழுக்கத் தங்களுக்கு. கூடவே ஒரு நிபந்தனை, இதை வாசிக்கும்போதே எனக்கு அந்த மனுஷன்மேல் பரிதாபம் வந்தது: யாராவது காப்புரிமையை மீறினால் வழக்குப் போடுவது வைட்டின் வேலை, செலவும் அவருடையது. கையெழுத்துப் போட்டுவிட்டார். மிச்ச வாழ்க்கையில் பெரும்பகுதி கோர்ட்டில் போனது.

1857ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் முதல் மாடலை வெளியிட்டது. .22 காலிபர், ஏழு தோட்டா, உள்ளங்கையில் அடங்குகிற சின்ன ரிவால்வர். போர்க்காலத்தில் .32 காலிபரில் கொஞ்சம் பெரியதும் வந்தது, அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்கள். இரண்டுமே போர்க்களத்துக்கான ஆயுதம் இல்லை. குழல் மேல்நோக்கி மடங்கும் அந்த அமைப்பும், அன்றைய செம்புத் தோட்டாவின் மெல்லிய விளிம்பும் பெரிய மருந்தளவைத் தாங்காது. ஆக நிலைமை இப்படி: தோட்டா ரிவால்வர் செய்ய உரிமை இருந்தவர்களிடம் பெரிய ரிவால்வர் இல்லை, பெரிய ரிவால்வரை லட்சக்கணக்கில் செய்துகொண்டிருந்தவர்களுக்கு உரிமை இல்லை. ஒரு நாடே தனக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்த நாலு வருடமும் இப்படியே போனது.

சும்மா இருப்பார்களா மற்றவர்கள்? சிலர் துணிந்து துளைத்த உருளையோடு விற்று மாட்டிக்கொண்டார்கள். வைட் தொடுத்த ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால் கீழ்க்கோர்ட்டில் அவருக்குச் சாதகமாக வந்த தீர்ப்பே நிலைத்தது. தோற்ற கம்பெனிகளில் ஒன்றான மூர், கையிருப்பில் இருந்த தன் துப்பாக்கிகளிலேயே ‘ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்காகச் செய்யப்பட்டது’ என்று முத்திரை குத்தி விற்க வேண்டியதாயிற்று. அடுத்து அதே மூர், பின்பக்கம் மூடியே இருக்கிற, ஒரு சின்ன துவாரம் மட்டும் உள்ள உருளையைச் செய்தது. தோட்டாவை முன்பக்கமாகப் போட வேண்டும், தோட்டாவின் அடியில் இருக்கிற காம்பு அந்தத் துவாரம் வழியாக எட்டிப்பார்க்கும், குதிரை அதைத் தட்டும். சட்டப்படி அறை முழுக்கத் துளைக்கப்படவில்லை, அல்லவா! இந்த மாதிரிச் சுற்றுவழிகள் அந்தப் பத்து வருடத்தில் பல வந்தன. தொழில்நுட்பம் வளர்ந்தால் இப்படித்தான் வளரும் என்று நினைக்கிறோம், ஆனால் பாதி நேரம் அது வக்கீல் நோட்டீஸைச் சுற்றித்தான் வளைந்து போகிறது.

கோல்ட் கம்பெனியும் ஒரு சுற்றுவழி முயன்றது. அலெக்சாண்டர் தூயர் என்கிற ஊழியர் 1868 செப்டம்பரில் வாங்கிய காப்புரிமை அது. பழைய கேப் ரிவால்வரின் உருளைக்குப் பின்னால் ஒரு வளையம் வரும், தோட்டா பின்பக்கம் குறுகியதாக, கூம்பு மாதிரி இருக்கும், அதை முன்பக்கமாகச் செருகி அதே பழைய நெம்புகோலால் அழுத்த வேண்டும். வளையத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டுக் குதிரையைத் தட்டினால் காலித் தோட்டாவை முன்பக்கமாகவே தள்ளி எறியும். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான், சுமார் 5,000 விற்றதாகக் கணக்கு. ஆனால் அந்தத் தோட்டா எல்லா இடத்திலும் கிடைக்காது, நிரப்புவதற்கு எடுக்கும் நேரமும் அப்படியொன்றும் குறையவில்லை. தோட்டாவின் பலனே பின்பக்கமிருந்து சட்டென்று போடுவதில் இருக்கிறது, அதை விட்டுவிட்டு தோட்டாவை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன பிரயோசனம். தோற்றுப்போனது. இன்று சேகரிப்பவர்கள் மட்டும் அதற்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள்.

ரெமிங்டன் நேர்வழியில் போனது. பேசாமல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கு ராயல்டி கட்டிவிட்டு, 1868ல் தன் நியூ மாடல் ஆர்மி ரிவால்வர்களை .46 ரிம்ஃபயர், அதாவது விளிம்பில் தட்டினால் வெடிக்கிற தோட்டாவுக்கு மாற்ற ஆரம்பித்தது. சின்சினாட்டியைச் சேர்ந்த கிட்ரெட்ஜ் என்கிற வியாபாரிக்காக இப்படி மாற்றியவை 4,574. ரெமிங்டனுக்கு இது சுலபமாக இருந்ததற்குக் காரணம் அதன் உடலமைப்பு. கோல்ட்டில் உருளைக்கு மேலே ஒன்றுமே இருக்காது, குழல் ஒரு ஆப்பால் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். ரெமிங்டனில் உருளைக்கு மேலே இரும்புப் பட்டை ஓடும், சட்டம், அதாவது எல்லாப் பாகத்தையும் தாங்குகிற உடல், நாலு பக்கமும் மூடியது, உருளையைக் கழற்றி மாட்டுவதும் எளிது. புது உருளை, பின்னால் ஒரு தகடு, வேலை முடிந்தது. ஆறு அறைக்குப் பதில் ஐந்து, ஏனென்றால் பெரிய தோட்டாவின் விளிம்புகள் ஒன்றோடொன்று இடிக்கும். அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் பெரிய காலிபர் தோட்டா ரிவால்வர் என்ற பெயர் இந்த ஒட்டுவேலைக்குத்தான் போகிறது. உரிமையைக் கையில் வைத்திருந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் சொந்தப் பெரிய ரிவால்வர், .44 அமெரிக்கன், 1870ல்தான் வந்தது.

வைட்டின் காப்புரிமை 1869 ஏப்ரலில் முடிந்தது. மனுஷன் விடவில்லை, நீட்டிப்புக் கேட்டு நாடாளுமன்றம் வரை போனார், மசோதாவும் நிறைவேறிவிட்டது. ஜனாதிபதி யுலிஸஸ் கிராண்ட் 1870 ஜனவரியில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். போர் நடத்தியவர் அவர், படைக்கலத் துறைத் தலைவர் டயரின் அறிக்கையையும் சேர்த்து அனுப்பினார்: இந்தக் காப்புரிமையால் போரின்போது அரசாங்கம் பட்ட அவஸ்தை போதும் என்பது சாரம். வைட் வழக்குகளில் கரைத்தது போக மிச்சத்தோடு 1892ல் இறந்தார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கோ அந்த 25 செண்ட்தான் கம்பெனிக்கு அஸ்திவாரம்.

சரி, கோல்ட்டுக்கு வருவோம். கதவு திறந்துவிட்டது, ஆனால் வீட்டுக்குள் பழைய சாமான் மலைபோலக் குவிந்திருந்தது. 1860 ஆர்மி மட்டும் ஏறக்குறைய இரண்டு லட்சம் செய்திருந்தார்கள், 1851 நேவி ஹார்ட்ஃபோர்டில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேல். பாகங்கள் கிடங்கில் கிடக்கின்றன, ராணுவத்திடம் முழுத் துப்பாக்கிகளே குவிந்து கிடக்கின்றன. புதிதாக ஒன்று வடிவமைத்து வெளியே வருவதற்குள் இதையெல்லாம் காசாக்க வேண்டும். இங்கேதான் சார்லஸ் ரிச்சர்ட்ஸ் வருகிறார்.

ரிச்சர்ட்ஸைப் பற்றி ஒரு வரி கூடுதலாகச் சொல்லாமல் நகர முடியவில்லை. இவர் வெறும் துப்பாக்கிக்காரர் இல்லை. நீராவி எஞ்சினின் உருளைக்குள் அழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்று காகிதத்தில் கோடாக வரைந்து காட்டுகிற ரிச்சர்ட்ஸ் இண்டிகேட்டர் என்ற கருவியைச் செய்தவர் இவர்தான், 1862 லண்டன் கண்காட்சியில் அது பெரிய பேச்சாக இருந்தது. பிற்பாடு யேல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பேராசிரியராகவும் இருந்தார். அப்படிப்பட்டவர் கோல்ட் தொழிற்சாலையில் உதவிக் கண்காணிப்பாளராக இருந்தபோது செய்த வேலை, பழைய ரிவால்வருக்கு ஒட்டுப்போடுவது. ஆனால் அந்த ஒட்டு எவ்வளவு சுத்தமானது என்று பார்க்க வேண்டும்.

1871 ஜூலையில் கிடைத்த காப்புரிமை. உருளையின் பின்பகுதி, நிப்பிள்கள் இருந்த இடம், முழுசாகப் போய்விடுகிறது. அந்த இடைவெளியில் சட்டத்தோடு ஒட்டி ஒரு வட்டத் தகடு உட்காருகிறது. தோட்டாவின் பின்பக்கத்தைத் தாங்குவது இனி இந்தத் தகடு. தகட்டின் வலப்பக்கம் தோட்டா போடுவதற்கு ஒரு சின்னக் கதவு. தகட்டுக்குள்ளேயே ஸ்பிரிங்கோடு ஒரு ஊசி, பழைய குதிரையின் தட்டையான மூக்கு இதைத் தட்டினால் போதும். தகட்டின் மேலேயே பின்பக்கக் குறிபார்ப்பானும் இருக்கிறது. குழலுக்கு அடியில் இடிக்கிற நெம்புகோல் இனித் தேவையில்லை, அது இருந்த இடத்தில் காலித் தோட்டாவைத் தள்ளி எடுக்கிற கம்பி. துப்பாக்கியின் உடம்பைப் புதிதாக வார்க்கவில்லை, பழைய துப்பாக்கியில் ஏற்கனவே இருந்த துவாரங்களையும் வெற்றிடங்களையுமே பயன்படுத்திக்கொள்கிறது. ராணுவம் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட 1860 ஆர்மி துப்பாக்கிகளைக் கொடுத்து இப்படி மாற்றி வாங்கியது. பொதுமக்களுக்கும் ஆயிரக்கணக்கில் விற்றது.

அடுத்து வில்லியம் மேசன் இதையே எளிமையாக்கினார். தகட்டுக்குள் ஊசி வேண்டாம், குதிரையின் மூக்கிலேயே ஊசி இருக்கட்டும், குறிபார்ப்பானும் தகட்டில் வேண்டாம். இன்று ரிச்சர்ட்ஸ்-மேசன் என்று சேர்த்துச் சொல்வது இதைத்தான். என் கண்ணுக்கு ரிச்சர்ட்ஸின் முதல் வடிவம்தான் அழகு, ஆனால் மேசனுடையது செய்வதற்கு மலிவு, பழுதாவதற்கு இடம் குறைவு. அதே மேசன்தான் 1872ல் ஓப்பன் டாப் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். பார்க்கப் பழைய கேப் ரிவால்வரை மாற்றியது மாதிரியே இருக்கும், ஆனால் தோட்டாவுக்கென்றே புதிதாகச் செய்தது. ராணுவம் சோதித்துப் பார்த்துவிட்டு, உருளைக்கு மேலே பட்டை வேண்டும், காலிபரும் பெரிதாக வேண்டும் என்றது. அதாவது ரெமிங்டன் மாதிரி மூடிய சட்டம். அதற்கு மேசன் கொடுத்த பதில்தான் 1873 சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி, .45 கோல்ட். மீதிக் கதை எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் 1873 மாடல் வந்ததும் மாற்றிய துப்பாக்கிகள் மறைந்துவிடவில்லை. கோல்ட் கம்பெனியே 1870களின் பிற்பகுதி வரை அவற்றை விற்றுக்கொண்டிருந்தது. கடற்படை தன் 1851, 1861 நேவி ரிவால்வர்களைத் திருப்பி அனுப்பி .38 தோட்டாவுக்கு மாற்றி வாங்கியது. சின்ன பாக்கெட் ரிவால்வர்கள், தள்ளுகம்பிகூட இல்லாமல் மலிவாக மாற்றியவை, நகரத்துக் கடைகளில் நன்றாகப் போயின. அதுபோக ஊருக்கு ஊர் துப்பாக்கிக் கொல்லர்கள் தங்கள் கைக்கு வந்தபடி மாற்றியவை எத்தனையோ. புதிய கோல்ட் வாங்கக் காசில்லாதவனுக்கு அப்பாவின் போர்க்கால ரிவால்வரை மாற்றிக்கொள்வது கட்டுப்படியான வழி.

இதன் விளைவு ஒன்று இன்றைக்கும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். .38 ஸ்பெஷல் என்ற தோட்டாவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், போலீஸ் ரிவால்வர் என்றாலே அதுதான். காலிபர் என்பது அங்குலக் கணக்கு, ஆகவே .38 என்றால் குண்டின் விட்டம் 0.38 அங்குலம், 9.65 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அளந்து பாருங்கள், 0.357 அங்குலம்தான், சுமார் 9.07 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டருக்கும் மேலே எங்கே போனது?

பதில் 1851 நேவியின் உருளையில் இருக்கிறது. அந்தத் துப்பாக்கி பெயருக்கு .36, ஆனால் அறையின் நிஜ விட்டமும் குழலுக்குள் சுருளாக வெட்டிய வரிப்பள்ளத்தோடு சேர்ந்த விட்டமும் ஏறக்குறைய 0.375. அறையை நேராகப் பின்பக்கம் வரை துளைத்தால் உள்ளே நுழைகிற தோட்டாக் கூட்டின் வெளி விட்டமும் கிட்டத்தட்ட 0.38 ஆகத்தான் இருக்க முடியும். ஆனால் குண்டும் குழலுக்குப் பொருந்த 0.375 இருக்க வேண்டுமே, கூட்டுக்குள் எப்படி நுழையும்? அதற்காகக் குண்டின் பின்பகுதியை மட்டும் ஒல்லியாகச் செதுக்கி அந்தக் குதிகாலை மட்டும் கூட்டுக்குள் செருகினார்கள். குண்டும் கூடும் வெளியே ஒரே விட்டம். அந்த வகையில் .38 என்ற பெயர் அன்றைக்கு நியாயமாகவே இருந்தது. ரிச்சர்ட்ஸின் .44 கோல்ட்டிலும் இதே ஏற்பாடுதான்.

இந்தக் குதிகால் குண்டில் ஒரு தொல்லை. குண்டுக்குத் தடவுகிற கொழுப்பு வெளியே தெரிகிற பகுதியில் இருக்கும், பையில் போட்டால் தூசி, மணல், நூல் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனிடம் பெருமளவில் வாங்கிய ரஷ்ய ராணுவம் 1871ல், குண்டின் கொழுப்புப் பகுதி முழுக்கக் கூட்டுக்குள் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியது, .44 ரஷ்யன் என்ற தோட்டா அப்படி வந்தது. பிறகு .38க்கும் அதே வழி. கூட்டின் அளவு மாறவில்லை, ஏற்கனவே இருக்கிற துப்பாக்கிகளில் போக வேண்டுமே. குண்டு மட்டும் கூட்டுக்குள் நுழைகிற அளவுக்கு இளைத்தது, 0.357க்கு வந்து நின்றது. பெயரை யாரும் தொடவில்லை. அந்தக் கூட்டை நீட்டித்தான் .38 லாங் கோல்ட், இன்னும் நீட்டி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் .38 ஸ்பெஷல், இன்னும் கொஞ்சம் நீட்டி 1935ல் .357 மேக்னம். கடைசியாக வந்தவனுக்குத்தான் உண்மையான அளவைப் பெயராக வைத்தார்கள். .44 மேக்னத்தின் குண்டும் 0.44 இல்லை, 0.429தான், அங்கேயும் இதே கதைதான். கேப் காலத்து உருளையில் துளைபோட்டவர்கள் அன்று எடுத்த அளவு நூற்றைம்பது வருடமாகக் கூட வந்துகொண்டிருக்கிறது.

இப்போது நிகழ்காலத்துக்கு. 1950களின் கடைசியில் நேவி ஆர்ம்ஸ் கம்பெனியின் வால் ஃபோர்ஜெட் இத்தாலியில் வால் ட்ரோம்பியா பள்ளத்தாக்கிலுள்ள கார்டோனேயில் 1851 நேவியின் நகல்களைச் செய்ய ஏற்பாடு செய்ததிலிருந்து, ஊபெர்டி, பியெட்டா போன்ற அந்தப் பகுதித் தொழிற்சாலைகள் கேப் ரிவால்வர் நகல்களை அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. நகல் இருந்தால் மாற்றுகிறவர்களும் வருவார்கள்தானே. கர்ஸ்ட், ஹோவெல் என்ற இரண்டு பெயர்கள் இந்த வட்டாரத்தில் அடிக்கடி அடிபடும். இவர்கள் விற்பது மாற்று உருளை, பின்னால் ஒரு தகடு. அடிப்படையில் ரெமிங்டன் 1868ல் செய்ததேதான். பழைய பிரச்சினைகளும் அப்படியே திரும்பி வருகின்றன என்பதுதான் எனக்கு வேடிக்கை. .45 கோல்ட் தோட்டாவின் விளிம்பு பெரிது, ஆறைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடிக்கும். ஒருவர் ஐந்து அறையோடு நிறுத்திக்கொள்கிறார், இன்னொருவர் அறைகளை லேசாகச் சாய்த்துத் துளைத்து ஆறையும் அடக்கிவிடுகிறார்.

.44 என்று விற்கிற நகலில் .45 தோட்டா எப்படி என்று கேட்கலாம். கேப் காலத்தில் காலிபர் என்று சொன்னது வரிப்பள்ளத்தைக் கணக்கில் எடுக்காத அளவு, நிஜக் குண்டு 0.45 அங்குலம்தான். அதனால் .44 நகலுக்கு .45 கோல்ட் இயல்பாகப் பொருந்துகிறது. .36 நகலில்தான் வம்பு. உருளைக்குள் .38 ஸ்பெஷல் அழகாக உட்காரும், ஆனால் 0.357 குண்டு 0.375 குழலுக்குள் பிடிமானமில்லாமல் ஓடும், குறி எங்கோ போகும். அதற்காக அடிப்பகுதி குழிந்த, வெடிக்கும்போது விரிகிற மெத்தென்ற ஈயக் குண்டையோ, பழையபடி குதிகால் குண்டையோ தேடுகிறார்கள். ஒருகாலத்தில் இளைத்த குண்டை மறுபடி குண்டாக்குகிற வேலை.

அமெரிக்கச் சட்டத்திலும் ஒரு வினோதம் இருக்கிறது. 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 1898 வரை செய்யப்பட்டவையும், உலோகத் தோட்டா போடாத பழைய பாணி நகல்களும் பழம்பொருள் கணக்கில் வரும், சாதாரணத் துப்பாக்கிக்கான விதிகள் அவற்றுக்கு இல்லை. அந்த நகலில் தோட்டா உருளையை மாட்டிய நொடியில் கூட்டரசுச் சட்டத்தின் பார்வையில் அது முழுத் துப்பாக்கி ஆகிவிடுகிறது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, சில இடங்களில் கடுமை. ஆக, 1855ல் ஆரம்பித்த அதே ஓட்டைதான் இங்கேயும் எல்லைக்கோடு. உருளை விற்கிறவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிற இன்னொன்று: எஃகுச் சட்டம் உள்ளதில் மட்டும், குறைந்த அழுத்தத்தில் வெடிக்கிற கௌபாய் ரகத் தோட்டா மட்டும். பித்தளைச் சட்டம் உள்ள நகல் பார்க்கத் தங்கமாக மின்னும், ஆனால் தோட்டா வெடிக்கிற அதிர்ச்சியில் மெதுவாக நீண்டு தளர்ந்துவிடும். இந்த வேலைக்கெல்லாம் போகாமல் நேராக ஊபெர்டி செய்கிற ரிச்சர்ட்ஸ்-மேசன் நகலையோ ஓப்பன் டாப் நகலையோ வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. அது தொழிற்சாலையிலிருந்தே தோட்டாவுக்காகச் செய்து வருகிறது, குழலும் இன்றைய குண்டுக்குப் பொருந்துகிற அளவில் இருக்கிறது.

நகலை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். அசல் 1860 ஆர்மியைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தோட்டாவுக்கு மாற்றலாமா என்று யோசிப்பவர்களைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை. 1871ல் அதைச் செய்தவர்களுக்கு அது கிடங்கில் தூங்கிய சரக்கு, இன்று நமக்கு அது திரும்பச் செய்ய முடியாத பொருள். போதாததற்கு, தொழிற்சாலையில் மாற்றியதற்கு நல்ல விலை என்பதால் போலிகளும் உலவுகின்றன. வாங்குகிறவர்கள் உருளையின் பின்விளிம்பு, தகட்டின் முத்திரை, தொடர் எண்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். அதிலும் ஒரு சங்கடம், ராணுவத்துக்காக மாற்றியவற்றில் எண்கள் ஒத்துப்போகாமல் கலந்து கிடப்பதும் உண்டு, ஆகவே எண் சரியாக இருப்பது மட்டுமே நல்ல அடையாளம் என்றும் சொல்லிவிட முடியாது.